மணி அடித்தால் மூன்றாவது ஆள்

இடுப்புக்குக் கீழே உடம்பு என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தால் மதியம் ஆகிவிட்டது என்று அர்த்தம். குப்பை பிரிக்கும் கொட்டகையில், குப்பையைச் சுமந்து ஓடும் பெல்ட் நிற்காது. அது நிற்காதவரை நாங்களும் உட்கார முடியாது.

பெல்ட் ஓரமாக நாங்கள் நான்கு பெண்கள். முதல் ஆள் நான். அடுத்து வாயாடி, மூன்றாவது ஒல்லி, கடைசியில் என் தம்பி மனைவி. ஓடும் குப்பையில் பாட்டில், தகரம், அட்டை பொறுக்கிக் கூடையில் போடுவோம். மிச்சம் அரவை மிஷினுக்குப் போகும். அதன் வாயருகே கம்பியோடு நின்று அடைப்பு எடுப்பவன் என் தம்பி. குப்பைக்குள் ஒளிந்து ஒரு கேஸ் டப்பா உள்ளே போய்விட்டால் மிஷின் அதை நசுக்கும், அது வெடிக்கும். தம்பிக்கு முன் அங்கே நின்றவருக்கு ஒரு கண் போனது. எங்கள் கை தவறினால் அவன் முகம். அவ்வளவுதான்.

எங்கள் கண்ணுக்குத் துணையாக என் தலைக்கு மேல் ஒரு கேமரா மாட்டினார்கள். டப்பாவைக் கண்டால் மணி அடிக்கும். ஆனால் கண்டுபிடிக்கிற மூளை கேமராவில் இல்லை, எங்கோ தூரத்தில் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. போன் சிக்னலில் படம் அங்கே போய், பதில் திரும்பி வரவேண்டும். எங்கள் பக்கத்து சிக்னல் நொண்டி. பதில் வருவதற்குள் டப்பா என்னையும் வாயாடியையும் தாண்டி ஒல்லியின் முன்னால் போயிருக்கும். படத்தைச் சுருக்கிச் சுருக்கி அனுப்பியதில் பாதி டப்பாவை அதற்கு அடையாளமே தெரியாது.

"எங்க வீட்டுக்காரர் மாதிரி. கூப்பிட்டு நாலு நிமிஷம் கழிச்சுத்தான் 'என்ன'ம்பாரு" என்பாள் வாயாடி.

அதனால் நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம். மணி அடித்தால் மூன்றாவது ஆள். ஒல்லி பாய்ந்து எடுப்பாள். அவள் கையில் இடிக்காமலிருக்க மற்ற மூவரும் இரண்டு கையையும் தூக்கிவிடுவோம். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. தூக்கத்தில் மணி கேட்டாலும் கை தானாக மேலே போகும்.

பிறகு கொட்டகைக்கு எதிரே புது டவர் வந்தது. கூடவே ஒரு பெண் வந்தாள். ஏணி போட்டுக் கூரையில் ஏறி ஆன்டெனா மாட்டினாள். "இனிமே முழுப் படமும் போகும்க்கா. நீங்க கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள பதில் வந்துடும்" என்றாள்.

மறுநாள் காலை மணி அடித்தது. என் கை மேலே போனது. ஒல்லி பாய்ந்தாள். அவள் முன்னால் பிய்ந்த செருப்பும் ஈரக் காகிதமும்தான். "பொய் மணி" என்று முனகிக்கொண்டு கூடைப் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் அரவை மிஷினுக்குள் வெடித்தது.

தம்பிக்குப் புருவம் இல்லை. முழங்கை வரை தோல் சிவந்து வழன்றிருந்தது. அவன் மனைவி அழவில்லை. குடத்துத் தண்ணீரை அப்படியே அவன் கைமேல் சாய்த்தாள்.

மணி சரியாக அடிக்கிறதா என்று பார்க்க அன்றும் வந்திருந்த டவர்காரப் பெண்ணிடம் நேரே போனேன்.

"என் தம்பி மூஞ்சிய வச்சுத்தான் சோதனை பண்ணுவியா?"

"அக்கா, மணி சரியாத்தான் அடிச்சுது. நீங்கதான் கையைத் தூக்கிட்டீங்க. நான் பார்த்தேன்."

"பதினோரு வருஷமா இந்த பெல்ட்ல நிக்கறேன். கையை எங்க வைக்கணும்னு நீ சொல்லித் தர்றியா?"

எல்லார் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்றேன். மேஸ்திரியிடமும் அதையே சொன்னேன். அவர் அவள் கம்பெனிக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏணியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் தம்பி கட்டுப் போட்ட கையோடு வந்து அதே இடத்தில் நின்றான். "வீட்ல உக்காந்தா மட்டும் எரியாதா?" என்றான்.

மணி அடித்தது. கை மேலே போனது. எனக்கு அன்று கழுத்து பிடித்திருந்தது, ஒல்லி பக்கம் திரும்ப முடியவில்லை. நேரே கீழே பார்த்தேன். தூக்கிய இரண்டு கைக்கும் நடுவே, கிழிந்த சாக்குக்கு அடியில், ஒரு நீல டப்பாவின் விளிம்பு நகர்ந்துகொண்டிருந்தது. அமுக்கிப் பிடித்து வெளியே எறிந்தேன்.

மணி என் முன்னாலேயே அடிக்கிறது. நேற்றும் அப்படித்தான் அடித்திருக்கிறது. பழைய தாமதத்தை நாங்கள்தான் கையில் வைத்திருந்தோம்.

"ஏ ஒல்லி, பாயாதடி. இனி மணி அடிச்சா என் கை. நான் விட்டா வாயாடி."

"ஒன்றரை வருஷமாப் பாய்ஞ்சு பழகிட்டேன்க்கா. காலு கேக்கமாட்டேங்குது."

"அப்ப காலைக் கட்டிப் போடு" என்றாள் வாயாடி.

பழகின கையை அடக்குவது சாமானியமில்லை. முதல் மூன்று மணிக்கும் பாதி தூரம் மேலே போய்த்தான் திரும்பியது. நான்காவதில் நேராகக் கீழே பாய்ந்தது. அதன்பிறகு எங்களைப் பிடிக்க ஆளில்லை. முழுப் படம் போவதால் நசுங்கியது, சேறு பூசியது, துணிக்குள் சுருண்டது எதையும் அந்த மூளை விடவில்லை. ஒருமுறை இரண்டு டப்பா ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்று என் கையில், ஒன்று வாயாடி கையில். அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் பெல்ட் நின்றதும் டிரம்மில் போட்ட டப்பாக்களை எண்ணினால் இருபத்து மூன்று. மிஷின் ஒருமுறைகூட வெடிக்கவில்லை. தம்பி வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தான்.

"இவ்வளவும் எனக்கு வரவேண்டியதா?"

"வேணும்னா திருப்பிப் போடட்டுமா?" என்றாள் அவன் மனைவி. இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் சிரித்தான். புருவமில்லாத முகத்தில் அந்தச் சிரிப்பு கோமாளி மாதிரி இருந்தது, நாங்கள் நால்வரும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

இரண்டு மாதம் ஆகிறது. ஒரு வெடிகூட இல்லை. பெரிய முதலாளி வந்து பார்த்து, பக்கத்துக் கொட்டகைக்காரர்களுக்குப் பழக்கிவிடச் சொல்லி என்னை அனுப்பினார். நான் போய் முதலில் சொன்னது, "மணி அடிச்சா உங்க முன்னால பாருங்க" என்பதுதான்.

மேஸ்திரியிடம் உண்மையைச் சொன்னேன். "தப்பு எங்க கைமேல. அந்தப் பொண்ணு சொன்னது நிஜம்." அவர் மறுபடி போன் போட்டார். அவளைத் திரும்ப எடுத்து வேறு ஊர் டவருக்கு அனுப்பிவிட்டார்களாம். நம்பரும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். பொய்க்காரி என்று எல்லார் முன்னாலும் சொன்னதைத் தனியாகப் போனில் தீர்க்க முடியாது. அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.