குத்தூசி போட்ட வயிறு

ஆரியசாலையில் எங்கள் அரிசிக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் என் மூக்கு சாக்கு வாசனையைத் தேடுகிறது. மூக்குக்கு வெட்கமே கிடையாது.

என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி மூட்டையைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. குத்தூசியைச் சாக்கில் சொருகி இழுப்பார். அதன் குழிவில் வரும் அரிசியைப் பார்த்தே விலை பேசுவார். சரக்கு மோசமென்றால் சாக்கில் விழுந்த ஓட்டையை விரலால் தேய்த்து மூடிவிட்டு, பேசாமல் அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்.

இரண்டாயிரத்து நாலில் அவருக்கு இரைப்பையில் கட்டி. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். கிழிக்காமல் எப்படி என்று எனக்குப் பயம். இவருக்கோ கிழிக்காததில்தான் சந்தோஷம்.

ஆப்பரேஷன் முடிந்ததும் என்னைத் தியேட்டர் வாசலுக்குக் கூப்பிட்டு, தட்டில் வைத்துக் காட்டினார்கள். எலுமிச்சம்பழ அளவு. உள்ளேயே ஒரு பையில் போட்டு, தொப்புள் பக்கத்துத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி உருவினார்களாம். கட்டியைப் பற்றி அண்ணனிடம் மூச்சு விடாதே, பேச்செடுத்தால் திரும்பி வரும் என்றாள் நாத்தனார் ஜெயஷீலா. படித்த டீச்சர்தான். நானும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தவர் கஞ்சியைச் சரியாகத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். கடைச்சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடச் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிழைத்து வந்த மனுஷனுக்கு என்ன கேடு என்று கேட்டேவிட்டேன்.

சட்டையைத் தூக்கி, அந்தச் சின்னச் சின்னத் தையல்களைக் காட்டினார்.

"குத்தூசி போட்டுப் பாத்திருக்கான். சரக்கு மோசம்னு மூடி விட்டுட்டான். எனக்கிட்ட மறைக்காத, எலிசா."

எல்லாம் எடுத்தாயிற்று என்று டாக்டர் சொன்னாரே என்றேன். எல்லா நோயாளியிடமும் அப்படித்தானே சொல்வார்கள் என்றார். இத்தனை நாளும் சாவைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நாத்தனார் பேச்சு காற்றோடு போகட்டும் என்று அடுக்களைக்கு ஓடி, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன்.

"இம்புட்டு இருந்தது. எனக்க கண்ணால கண்டேன்."

பழத்தை உருட்டிப் பார்த்தார். தொப்புள் பக்கத்துத் தையலைப் பார்த்தார். மறுபடி பழத்தைப் பார்த்தார்.

"முழுசும் எடுத்தாச்சா?"

"முழுசும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழத்தைத் திருப்பி நீட்டினார்.

"இத அங்ஙன மாத்தி வை. கஞ்சி கொண்டா."

கஞ்சியை அவர் உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. கல்யாணமான நாள் முதல் அதற்குச் சண்டை. அன்று மட்டும் கதவோரம் நின்று, கிண்ணம் காலியாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பின் பல வருஷம் உறிஞ்சினார். நானும் சண்டை போட்டேன்.