ஒரே நாளில் இரண்டு எக்ஸ்கர்ஷன்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மொத்தம் இரண்டே மாணவர்கள், நானும் என் தம்பி லூர்துவும். வாத்தியார் எங்கள் நைனா இன்னாசி. வகுப்பு நடந்தது ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில். நைனா ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைப் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலை. அவர் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பன்னிரண்டுதான். கேப்டனே வந்தாலும் அதைப் பதின்மூன்றாக்க முடியாது. தன் கையெழுத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை, அதுதான் என்னைக் கெடுத்தது.

முதலில் நாங்களும் எல்லோரையும் போல மாதா கோயில் பள்ளிக்கூடத்தில்தான் படித்தோம். நான் ஆறாவது படிக்கும்போது கஸ்பார் சித்தப்பா மூட்டைப்பூச்சி மருந்தைக் குடித்துச் செத்துப்போனார். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவனுக்கு மணி அடிக்க முடியாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் தர முடியாது என்று அப்போதிருந்த பெரிய சாமியார் சொல்லிவிட்டார். சித்தப்பாவை மூலக்கொத்தளத்துப் பொது மயானத்தில் புதைத்தோம். மறுநாளே நைனா பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டார்.

"அவங்க மண்ணும் வோணாம், அவங்க படிப்பும் வோணாம்" என்றார். இனி கோயில் வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று சத்தியமும் செய்தார். அதன்பிறகு அம்மா அடைக்கலமேரியும் வீட்டு மாதா படத்துக்கு முன்னால்தான் அழுதாள்.

நைனா நன்றாகவே சொல்லிக்கொடுத்தார், அதை நான் மறைக்கமாட்டேன். பாடம் நடத்தும்போது மட்டும் புத்தகத் தமிழ் பேசுவார், எனக்கும் லூர்துவுக்கும் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு. மற்றப் பள்ளிக்கூடங்களில் எக்ஸ்கர்ஷன் கூட்டிப்போனால் நாமும் போகவேண்டும் என்பார். போய்வந்த அன்றே பார்த்ததைக் கட்டுரையாக எழுதியாகவேண்டும். ஒரு முனை நீலமும் மறுமுனை சிவப்புமான ஹார்பர் பென்சிலின் சிவப்பு முனையால் திருத்துவார்.

அறுபத்தாறில் எனக்குப் பதினாலு வயது. வீட்டில் படித்தவர்களும் எட்டாவதுக்கான இ.எஸ்.எல்.சி. பரீட்சையை வெளியிலிருந்து எழுதலாம். அதில் தேறினால் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம் என்று அம்மா கேட்டுவைத்திருந்தாள். நான் டீச்சராவேன் என்று கனவிலேயே சாக்பீஸ் பிடித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளில்தான் நைனாவுக்கு லீவு கிடைத்தது. ஒரு லீவை வீணாக்குவானேன் என்று காலையில் விவசாயப் பண்ணை, மத்தியானம் விண்ணப்பம் வாங்கும் அரசாங்கக் கட்டடம் என்று ஒரே நாளில் இரண்டு எக்ஸ்கர்ஷன் வைத்துவிட்டார்.

பண்ணை மணலியில் இருந்தது. நைனாவோடு வேலை பார்த்தவருக்குத் தெரிந்த அப்பாவு என்பவரின் நிலம். பயிர் பச்சையாகத்தான் நின்றது, ஆனால் வரப்பு நெடுகச் சுண்ணாம்பு அடித்த கல் நட்டிருந்தது.

"மாணவர்களே, நாம் உண்ணும் அரிசி இங்கிருந்துதான் வருகிறது" என்று நைனா ஆரம்பித்தார்.

"இதான் கடைசி அறுப்பு சாரே. அடுத்த வருசம் இங்க ஆலை வந்துடும்" என்றார் அப்பாவு. "பசங்களுக்குக் காட்ட இன்னா கீது இங்க? கல்லுதான் கீது."

நைனா விடவில்லை. நாற்று, களை, கதிர் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அப்பாவு மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டு நின்றார். நானோ ஆபீஸ் மூடிவிடுமே என்று வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் பிடித்துக் கடற்கரைப் பக்கம் அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

கிளார்க் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு வயதுச் சான்று கேட்டார். நான் வீட்டில் பிறந்தவள், கார்ப்பரேஷனில் யாரும் பதியவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகம்தான் சாட்சி. நைனா ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். என் மகள் ஃப்ளோரன்ஸ் இன்ன தேதியில் பிறந்தாள் என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இன்னா சார் இது? பெத்தவரே எழுதிக் குடுத்தா ஆச்சா?" கிளார்க் சிரித்தார். "கோயில்ல ஒரு சர்ட்டிபிகேட் வாங்கியா. அஞ்சு மணி வரிக்கும் இங்கதான் இருப்பேன்."

தன் எழுத்தைப் பார்த்து ஒருவர் சிரித்ததை நைனா அன்றுதான் கண்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எங்களை ராயபுரத்துக்குப் பஸ் ஏற்றினார்.

கோயில் வாசலில் அவர் நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே ஓடினேன். பழைய சாமியார் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் இளவயது. என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவருக்கு உதவியாக இருந்த உபதேசியார் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டி என் பெயரைக் கண்டுபிடித்தார். சான்றிதழும் எழுதியாகிவிட்டது.

"வாங்கிக்கிட்டதுக்கு இந்தப் புத்தகத்துல அப்பா கையெழுத்துப் போடணும்மா. உள்ள வரச்சொல்லு. நான் ஒண்ணுமே கேட்கமாட்டேன்" என்றார் சாமியார். புத்தகத்தை வாசலுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். அது அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்.

வாசலுக்கு ஓடிவந்தேன். மணி நாலு. "நைனா, ஒரே ஒரு கையெழுத்து. வா நைனா."

"உங்க சித்தப்பன உள்ள வுட்டாங்களா ஃப்ளோரு?"

"நான் இன்னா பண்ணேன் நைனா?"

நைனா ஒரு காலைப் படியின் மேல் தூக்கினார். வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு அந்தக் காலைத் திரும்பத் தரையில் வைத்தார். லூர்து அழ ஆரம்பித்தான். நாலரை ஆனது, ஐந்தும் ஆனது. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

அடுத்த வருஷம் எழுதலாம் என்றார். அடுத்த வருஷமும் புத்தகம் அதே அறையில்தான் இருந்தது. நான் அதற்குள் காசிமேட்டில் இறால் உரிக்கப் போய்விட்டேன்.

அந்த எக்ஸ்கர்ஷன் நாள் சாயங்காலமே நைனா வழக்கம்போல நோட்டை எடுக்கச் சொன்னார். நான் எழுதினேன்:

"நாங்கள் அரசாங்கக் கட்டடத்தைப் பார்த்தோம். அதை ஐந்து மணிக்கு மூடுவார்கள். கோயிலில் சாமியார் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். எங்கள் நைனா வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை."

நைனா சிவப்பு முனையால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுக்கொண்டே வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிழை இல்லை என்று எழுதினார். பத்துக்குப் பத்து போட்டார். அதற்குக் கீழே, ஹார்பர் நோட்டில் போடுவதுபோல, முழுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.