பொதுச் சொத்தாகிப்போன சிரிப்பு

எனக்குச் சிரித்து அலுத்துவிட்டது. இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. ஏனென்றால் இந்த நிமிடம்கூட எங்கேயோ யாருடைய போனிலோ நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பேன். பூனை பிரிட்ஜ் மேலிருந்து விழுந்தால் நான் சிரிக்கிறேன். ஒருவர் குடையை விரித்ததும் குடை மட்டும் பறந்துபோய்க் கம்பு கையில் நின்றால் அதற்கும் நான்தான். எல்லாம் யார் யாரோ எடுத்த வீடியோக்கள். சிரிப்பு மட்டும் என்னுடையது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு. இந்த ஒரு வாக்கியத்திலேயே என் கதை பாதி முடிந்துவிட்டது. காலையில் சிறப்பு வகுப்பு, அப்புறம் வகுப்பு, மாலையில் தேர்வு, அதற்கும் அப்புறம் டியூஷன். டியூஷனில் மறுநாள் தேர்வுக்கு ஒரு மாதிரித் தேர்வு. தூக்கத்தில் யாராவது என்னை உலுக்கினால் முதலில் வினாத்தாளைத்தான் கேட்பேன். இப்படிப்பட்ட பிழைப்பில் வாய்விட்டுச் சிரிக்க ஏதாவது கிடைத்தால் விடுவோமா? ஒருநாள் கிடைத்தது.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் சுவரில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி உண்டு. தலைமையாசிரியை நினைத்தபோதெல்லாம் அதில் வந்து ஒழுக்கம், மதிப்பெண், எதிர்காலம் என்று கழுத்தறுப்பார். அன்று பிற்பகல் இயற்பியல் வகுப்பில் பாதி பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் நேரத்தில் வந்தார். பேசி முடித்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அவருடைய போன் அடித்தது.

"துணியைக் காயப்போட்டீங்களா?" என்றது பெட்டி. எதிர்முனையில் கணவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "தூங்கிட்டீங்களா? காலையில மெஷின்ல போட்டது! நாறிப்போயிருக்கும்! வாயைத் திறக்காதீங்க. நான் இங்க ஒரு ஸ்கூலையே மேய்க்கிறேன், உங்க ஒருத்தரை மேய்க்க முடியல!"

இயற்பியல் சார் சாக்பீஸைத் தூக்கிய கையோடு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கன்னம் துடித்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

என் சிரிப்பு மற்றவர்கள் சிரிப்பு மாதிரி இல்லை. முதலில் சத்தமே இருக்காது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு எண்ணெய் போடாத கதவைத் திறப்பதுபோல ஒரு நீண்ட இழுப்பு. அதன்பிறகு விசிலும் விக்கலுமாக ஒரு வெடிப்பு. கடைசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது தனியாக ஒரு விக்கல் வரும். அம்மா அப்பா இருவர் வீட்டிலும் இப்படிச் சிரிப்பவர் யாருமில்லை என்பதால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் இன்னமும் தகராறு. வகுப்பில் எனக்குப் பெயரே விசில்.

அன்று வகுப்பு முழுக்க என் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தது. கடைசி பெஞ்சில் இருக்கும் ஒருவனை நாங்கள் எடிட்டர் என்று கூப்பிடுவோம். எதைக் கண்டாலும் வெட்டி ஒட்டி வீடியோ போடுகிறவன். தலைமையாசிரியை பேசுவதைப் பதிவு செய்யத்தான் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்த போனை முடுக்கியிருக்கிறான். அவர் குரலைப் போட்டால் பள்ளியை விட்டே துரத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அதை வெட்டிவிட்டு, என் சிரிப்பை மட்டும் எடுத்து, பிரிட்ஜ் மேலிருந்து விழும் அந்தப் பூனை வீடியோவுக்கு ஒட்டினான். ஆபத்தில்லாத பகுதி நான்தானாம்.

முதல் வாரம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். யார் யாரோ அந்தச் சத்தத்தை எடுத்துத் தங்கள் வீடியோவில் போட்டார்கள். மொழி தெரியாத தேசத்திலெல்லாம் நான் சிரித்தேன். அப்புறம்தான் பிடித்தது சனி. அது யார் சிரிப்பு என்பது பள்ளியிலிருந்து ஊருக்குப் பரவிவிட்டது. பேருந்தில் "ஏய், அந்தப் பொண்ணுடி!" என்றார்கள். டியூஷன் வாசலில் ஜெராக்ஸ் கடை அண்ணன், "எங்க, ஒருதடவை சிரிச்சுக் காட்டு, இந்தக் காப்பி இலவசம்" என்றார். வகுப்பில் யாராவது நகைச்சுவையாகப் பேசினால் போதும், பேசியவரைப் பார்க்காமல் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பைகளுக்குள் ஒளித்திருந்த போன்கள் மெல்ல எழும்பின. சிரிப்பு வரும்போதே நான் கையால் வாயைப் பொத்தப் பழகிக்கொண்டேன். பொத்திப் பொத்தி ஒரு கட்டத்தில் வருவதே நின்றுவிட்டது.

வீட்டில் யாரும் போனைத் தூக்கப்போவதில்லைதான். ஆனால் பகல் முழுக்க இறுக்கி வைத்திருந்த முகத்தை வாசலில் தளர்த்தி, மறுநாள் காலையில் மறுபடி இறுக்க எனக்குத் தெம்பில்லை. முன்பெல்லாம் அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே பள்ளியில் நடந்த கூத்தையெல்லாம் நடித்துக் காட்டுவேன். நடிக்கும் முன்னாலேயே நானே சிரித்துவிடுவேன். அதை நிறுத்திவிட்டேன். கேட்டால் "தலைவலிப்பா" என்பேன். அவரும் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு விட்டுவிட்டார். பாவம், அவருக்கே அலுப்பு. அப்பாவுக்கு மெத்தைக் கடையில் வேலை. வண்டியில் மெத்தையை ஏற்றிக்கொண்டுபோய், லிப்ட்டில் நுழையாதவற்றைத் தலையில் வைத்து மாடிமாடியாக ஏற்றுவார். ஊரைத் தூங்க வைக்கிறேன் பேர்வழி என்று தன் தூக்கத்தைத் தொலைத்தவர்.

போன வாரம் ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தார். முழங்கால் வீங்கியிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்று அம்மா பதறினார்.

"படி வழுக்கிடுச்சு. ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் லீவு சொல்லிட்டேன்."

அம்மா திட்டிக்கொண்டே கட்டுப் போட்டுவிட்டார்.

மறுநாள் இடைவேளையில் எடிட்டர் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். "விசில், இதைப் பாரு! உன் வாழ்க்கையிலயே பெஸ்ட்டு இதான்! காலையிலேர்ந்து எங்க பாத்தாலும் இதான் ஓடுது!"

வேண்டாமென்று தள்ளிவிட்டேன். அதற்குள் நாலைந்து பேர் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஏதோ ஒரு அடுக்குமாடியின் கண்காணிப்புக் கேமராவில் பதிந்த காட்சி. ஒரு ஆள் தலையில் பெரிய மெத்தையோடு படியேறுகிறார். படத்தில் முகம் தெளிவில்லை, மெத்தையும் மறைக்கிறது. திருப்பத்தில் மெத்தை சுவரில் மாட்டிக்கொள்கிறது. இழுக்கிறார். மெத்தை விடுபட்டு அவர் மேலேயே வந்து, எப்படியோ அவருக்குக் கீழே போய்விடுகிறது. உட்கார்ந்த வாக்கில் படி முழுக்கச் சறுக்குகிறார். கீழே பளபளவென்ற தரையில் நிற்காமல் போகிறார். அங்கே உட்கார்ந்திருக்கும் காவலாளி, தரை துடைக்கும்போது செய்வதுபோல இரண்டு காலையும் தூக்கிக்கொள்கிறார். கையிலிருக்கும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஒரு அம்மாள் மரியாதையாகக் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடிக்கிறார். மெத்தையும் ஆளும் அதன் வழியாக வெளியே போய்விடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். போனுக்குள்ளே. கதவுச் சத்தம், விசில், வெடிப்பு, எல்லாம்.

வெளியே போன ஆள் எழுந்தார். தன் காலைக்கூடப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே மெத்தையைச் சுற்றி வந்து பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நீலச் சட்டை. எங்கள் வீட்டுக் கொடியில் தினமும் தொங்குகிற நீலச் சட்டை.

"நிறுத்துடா!" என்று கத்தினேன். "அது எங்கப்பாடா!"

எடிட்டரின் முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ, நான் போடல விசில். சத்தியமா. யாரோ எங்கயோ உட்காந்து ஒட்டியிருக்கான்."

"எடுக்கச் சொல்லு! என் சிரிப்பு அது, என்னைக் கேக்காம எப்படிப் போடலாம்?"

"இப்ப அது உன் சிரிப்பு இல்ல. பொதுச் சொத்து. யார் வேணா எடுத்துக்கலாம், அந்த ஆப்ல அப்படித்தான் வச்சிருக்காங்க." சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். "சாரி. புகார் அடிக்கிறேன். எல்லாரையும் அடிக்கச் சொல்றேன்."

அடித்தார்கள். வகுப்பே அடித்தது. எடிட்டரின் போனைக் கண்டாலே ஒதுங்கிப்போகிற பெண்கள்கூட அதை வாங்கி அடித்தார்கள். கடைசி மணி அடிப்பதற்குள் பதில் வந்தது: பரிசீலித்தோம், இந்த வீடியோவில் யாரையும் புண்படுத்தும் எதுவும் இல்லை. யார் பரிசீலித்தது என்று தெரிந்தால் நேரில் போய் நாலு கேட்டிருப்பேன்.

ஊர் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. ஊர் யாரைப் பார்த்துத்தான் சிரிக்கவில்லை? அப்பா இந்த வீடியோவைப் பார்த்துவிடக்கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் சிரிப்புக்கு நடுவிலும் என் சிரிப்பை அவர் கண்டுபிடித்துவிடுவார். வலியோடு விழுந்து எழுந்த மனுஷன், தன் பெண்ணே தன்னைப் பார்த்துக் கெக்கேபிக்கே என்று சிரிப்பதைக் கேட்டால் என்ன நினைப்பார்? அதிலும் வீட்டில் அவரிடம் முகம் கொடுத்தே பேசாத பெண். கடை ஆட்கள் எப்படியும் அனுப்பிவிடுவார்கள். அதற்குள் போய்ப் போனைப் பிடுங்கி ஒளித்துவிடலாம், அல்லது தண்ணீரில் போட்டுவிடலாம் என்றுகூட யோசித்தேன். டியூஷனுக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஓடினேன்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. படியில் பாதி ஏறும்போதே கேட்டது. கதவு இழுப்பு. விசில். வெடிப்பு. நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி நின்றது. மறுபடி.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போயும் போயும் இதையா திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்? எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதே வேகத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும், காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையனைப்போல, போனைத் தொடைக்கடியில் செருகினார்.

"டியூஷன் இல்லையா கண்ணு?"

"யாரு அனுப்புனா உங்களுக்கு?"

"எது?"

"அப்பா!"

"கடையிலதான்," என்றார் மெதுவாக. "எல்லாரும் அதையேதான் அனுப்புறாங்க. முதலாளிகூட அனுப்புனாரு. மெத்தை கிழியலையேன்னு கேட்டாரு."

"அது நான் உங்களைப் பாத்துச் சிரிச்சது இல்லப்பா. ஸ்கூல்ல எப்பவோ சிரிச்சது. ஒருத்தன் எடுத்துட்டான், ஊரெல்லாம் ஒட்டிட்டாங்க. உங்களைப் பாத்து நான் சிரிப்பேனாப்பா?" மூச்சு வாங்கியது. பையைக் கழற்றக்கூட இல்லை.

"தெரியும். பூனை வீடியோ வந்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா இதையே போட்டுப் போட்டுப் பாக்குறீங்க? உங்களுக்கு வலிக்கலையா?"

"முட்டி வலிக்குதுதான்." கட்டைத் தடவிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீ வீட்டுல சிரிச்சு ரொம்ப நாளாச்சு. பரீட்சை டென்ஷன், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நானும் விட்டுட்டேன். லோடு இறக்கிட்டு வண்டியில சும்மா உட்காந்திருக்கும்போது இந்த மாதிரி வீடியோவா தேடுவேன். எதுலயாவது நீ வருவ. ஆனா அதெல்லாம் குட்டிக் குட்டி வீடியோ, ஆரம்பிச்ச உடனே வெட்டிடுவாங்க. இதுலதான் முழுசா இருக்கு. கடைசியில தனியா ஒரு விக்கல் வரும்ல, அது வரைக்கும் இருக்கு. நான் அவ்வளவு தூரம் சறுக்கிட்டுப் போயிருக்கேன்ல, அதான்."

இவ்வளவு நாளாக நான் ஊருக்குப் பயந்து வீட்டில் வாயை மூடியிருக்கிறேன். இந்த மனுஷன் வண்டியில் உட்கார்ந்து பூனையிடமும் குடையிடமும் என்னைத் தேடியிருக்கிறார். அவர்மேல் கோபம் வந்தது. என்மேல் அதைவிட வந்தது.

பையைத் தரையில் போட்டுவிட்டு, அவருடைய நல்ல கால் பக்கமாக உட்கார்ந்தேன். "போனைக் குடுங்க," என்றேன்.

தயங்கிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். சத்தத்தை முழுவதுமாக அணைத்தேன்.

"இப்பப் போடுங்க."

"சத்தமில்லாமயா?"

"போடுங்கப்பா."

போட்டார். அப்பா மெத்தையோடு படியேறினார். மாட்டிக்கொண்டார். சறுக்கினார். முகம் தெரியாத ஆளாக இருந்தபோது கவனிக்காததையெல்லாம் இப்போது கவனித்தேன். அவ்வளவு வேகத்தில் போகும்போதும், கதவைத் திறந்து பிடித்த அம்மாளுக்கு அவர் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டுத்தான் வெளியே போனார்.

என் தோள் குலுங்க ஆரம்பித்தது. வாயைப் பொத்தக் கை தானாக எழுந்தது, அதைக் கீழே இறக்கினேன். அழுகையும் கூடவே வந்ததால் கதவுச் சத்தம் கோணலாகத்தான் வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா "என்னடி அது?" என்று கரண்டியோடு எட்டிப் பார்த்தார். நான் முடியாமல் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

திரையில் அவர் பாட்டுக்கு மெத்தையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அப்பா அதைப் பார்க்கவே இல்லை.