ஜேபெக்கில் இல்லாதவள்

படத்தை ராவில் பதிவதா, கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் பதிவதா என்று அந்த ஸ்டூடியோவில் சண்டை நடக்காத நாளே இல்லை. படம் எடுப்பவள் அண்ணி. கணினியில் உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுப்பவன் அவள் கொழுந்தன். கணவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் தொழில் முழுக்க இவர்கள் இருவர் தலையில்தான்.

"ஒவ்வொரு ரா ஃபைலும் யானைக்குட்டி மாதிரி இருக்கு அண்ணி, கம்ப்யூட்டர் மூச்சு வாங்குது. ஜேபெக்ல எடுங்க. கேமராவே சமைச்சுத் தட்டுல போட்டுக் குடுத்துடும்."

"சமைக்கும்போது எதையெல்லாம் குப்பையில போட்டுச்சுன்னு உனக்குத் தெரியுமா? ராவுல பட்ட வெளிச்சம் அத்தனையும் அப்படியே இருக்கும்டா."

கடைசியில் ஒவ்வொரு படமும் இரண்டு வகையிலும் பதிவாகும்படி வைத்துக்கொண்டாள். ஒரு பல் டாக்டரின் வீட்டையும் அப்படித்தான் எடுத்தாள்.

டாக்டர் வேலையை விட்டு ஓய்வில் இருந்தார். மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது விற்க வேண்டும். விளம்பரத்துக்குப் படம் வேண்டும். சாவியை அவளிடம் நீட்டிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க வரலையா சார்?"

"நீ பாரும்மா. உள்ளே ஒண்ணும் இல்ல."

கூடத்து ஜன்னல்கள் துருப்பிடித்துத் திறக்க வரவில்லை. வாசல் கதவு வழியாக விழுந்த வெயில் தரையில் ஒரு பட்டையாகக் கிடந்தது. அதற்கு அப்பால் மாடிப்படி, மேலே போகப் போக இருட்டு. கேமரா முக்காலியை வைத்து ஒரே இடத்திலிருந்து வரிசையாகப் பல படங்கள் எடுத்தாள். காலி வீட்டில் கேமராவின் 'டக்' சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. நடுவில் ஒருமுறை, ஏனென்று தெரியாமலே, முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் வந்தாள்.

மறுநாள் கொழுந்தன் ஜேபெக்கைத் திறந்தான். படிக்கட்டு இருக்கும் இடம் தார் பூசியதுபோல் இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான். கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறம் வந்ததே தவிர, ஒரு படிகூடத் தெரியவில்லை.

"சரி, உங்க யானைக்குட்டியையே கூப்பிடுறேன்" என்று ராவைத் திறந்தான். இருண்ட இடத்தை மட்டும் வெளிச்சமாக்கி நிழலைத் தூக்கத் தூக்க, கைப்பிடிக் கம்பி வந்தது, படிகள் வந்தன, சுவரில் ஈரம் இறங்கிய தடம் வந்தது. மேல்படியில் உட்கார்ந்திருந்த பெண் வந்தாள்.

"அண்ணி, வீட்ல யாராச்சும் இருந்தாங்களா?"

அவள் எழுந்து வந்து பார்த்தாள். அவன் அடுத்த படத்தைத் திறந்தான். அதில் அந்தப் பெண் எழுந்து நின்றாள், தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல். அதற்கடுத்ததில் பாதிப் படி இறங்கியிருந்தாள். கடைசிப் படத்தில் கீழ்ப்படியில் நின்று கையை முன்னால் நீட்டியிருந்தாள். விரல் நுனிகள் வெயில் பட்டைக்கு மயிரிழை முன்னால் நின்றன. கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை.

கொழுந்தன் எல்லா ஜேபெக்கையும் மறுபடி திறந்து பார்த்தான். ஒன்றிலும் அவள் இல்லை.

டாக்டரிடம் மறைக்க அண்ணிக்கு மனம் வரவில்லை. கூப்பிட்டுக் காட்டினாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரிதான். கடைசி ரெண்டு வருஷம் அவளுக்குப் பார்வை சுத்தமா போயிடுச்சு. சத்தம் கேட்டா அந்தப் பக்கமா வருவா." திரையில் அவள் நீட்டிய விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "அந்தப் படியில உக்காந்து, 'வந்துட்டீங்களா'ன்னு கேப்பா. நான் வீட்லதான் இருப்பேன். பதில் சொன்னா பேச்சுத்துணைக்கு உக்காரணுமேன்னு, மூச்சுக் காட்டாம கூடத்துல நிப்பேன். எதுவும் கேக்கலைன்னதும் அவளே திரும்பிப் போயிடுவா."

கொழுந்தன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"என்னை வெச்சு அங்க ஒரு படம் எடும்மா" என்றார் டாக்டர். "நான் கூப்பிடுறேன். இந்தத் தடவை கூப்பிடுறேன்."

அன்றே மூவரும் போனார்கள். கொழுந்தன் வாசலைத் தாண்டவில்லை. டாக்டர் வெயில் பட்டையில் நின்று படிக்கட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தான்மா. வந்துட்டேன். இங்கதான் நிக்கிறேன், கீழ வா" என்றார். அண்ணி ஒரே ஒரு முறை அழுத்தினாள்.

டாக்டர் வீடு திரும்பிய பிறகு, அண்ணியும் கொழுந்தனும் ஸ்டூடியோவில் ராவைத் திறந்து நிழலைத் தூக்கினார்கள். படத்தில் டாக்டர் கையை நீட்டியபடி நின்றார். படிக்கட்டில் அவளும் இருந்தாள். ஆனால் முதுகுதான் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை அடுத்த படியில் வைத்து, மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"இருக்காளாம்மா?"

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் கையை விரித்தான்.

"இருட்டா இருக்கு சார். ஒண்ணும் சரியாத் தெரியல."

"நிழலைத் தூக்கினா வரும்னு சொன்னியே?"

"இது ஜேபெக்ல மட்டும்தான் பதிவாயிருக்கு. நான் கவனிக்கல. தூக்கினாலும் வராது."

"அப்போ இருந்தாலும் இருந்திருப்பா" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

அண்ணி ஜேபெக்கை மட்டும் அனுப்பினாள்: வெயிலில் ஒரு கிழவர், பின்னால் கறுப்பு.

"ராவை அழிச்சிடவா அண்ணி?"

"வேண்டாம்."

"அப்போ அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?"

"வேண்டாம்டா."

அன்றைக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

வீட்டை டாக்டர் விற்கவே இல்லை. தரகர்தான் அலுத்துக்கொண்டார்: "மனுஷன் திரும்ப அங்கேயே குடி போயிட்டார். நல்ல விலை வந்துச்சு, வேண்டாம்னுட்டார்."

சில மாதங்கள் கழித்து, பக்கத்துத் தெருவில் ஒரு கடையைப் படம் எடுத்துவிட்டு மதிய நேரத்தில் அண்ணி டாக்டர் வீட்டு வழியாக வந்தாள். ஜன்னல்களைச் சரிசெய்து திறந்துவைத்திருந்தார்கள். உள்ளே டாக்டரின் குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்து அவள் நடையைத் தளர்த்தினாள்.

"இப்ப தண்ணி கொதிக்குது... அடுப்பை அணைச்சுட்டேன். சேரை இழுக்கிறேன், சத்தம் கேக்குதா? படிக்குப் பக்கத்துலதான் போட்டிருக்கேன். இப்ப உக்காந்துட்டேன்."

ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே, பதிலுக்கு இடம் விடுவதுபோல் நிறுத்தினார். பிறகு முன்னைவிடக் கொஞ்சம் உரக்கத் தொடர்ந்தார். அவள் தெருமுனையில் திரும்பும்வரை அந்தக் குரல் ஓயவில்லை.