சந்தைப்பேட்டையில் மூன்று சுற்று

எனக்குப் பயந்த சுபாவம் கிடையாது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தனியாகக் கிளம்பி ஓசூருக்கு வந்து, கம்பெனியில் ஷிப்ட் பார்த்து, அதே கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருந்த சிவராஜை யார் பேச்சையும் கேட்காமல் கட்டிக்கொண்டவள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் புகுந்த வீட்டின் பின்னறையில் கதவையே பார்த்தபடி பயந்து உட்கார்ந்திருந்தேன்.

அன்று சிவராஜ் கரகம் எடுக்கிறார்.

எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவில் கரகாட்டம் என்றால் காசு கொடுத்துக் கூட்டிவருகிற ஆட்டம். பார்ப்போம், சிரிப்போம், தூங்கப் போய்விடுவோம். கல்யாணமான புதிதில் இவர், "எங்க வூட்லதான் கரகம் எடுக்கறது" என்று பெருமையாகச் சொன்னதும் நான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன். மாமியார் கெம்பம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கெலமங்கலம் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் கரகம் என்றால் சாமி. இரண்டடி உயரத்துக்கு மல்லிகை சுற்றிய கரகத்தை, எடுக்கிறவன் சேலை கட்டிப் பெண் வேடத்தில் தலையில் வைத்து, கையால் தொடாமல், ஊர்ச் சந்தைப்பேட்டையை மூன்று சுற்று ஆடி வர வேண்டும். விழுந்தால் ஊருக்கே ஆகாது. எடுக்கிறவனின் பெண்டாட்டி அதைப் பார்க்கவே கூடாது. தாலியையும் வளையலையும் அவன் போட்டுக்கொள்ளக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கரகம் இறங்கும் வரை அறைக்குள் கிடக்க வேண்டும். அவள் பார்வை பட்டால் கரகம் நிற்காதாம்.

பார்க்காமல் இருப்பதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இவர் மெஷின் முன்னாலேயே தலை சுற்றி விழுந்தார். காதுக்குள் கோளாறு, சட்டென்று திரும்பினால் சுற்றும் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். கரகத்துக்கான ஒன்பது நாள் விரதம் தொடங்கியதும் இவர் அந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா கரகத்த வேற வூட்டுக்குக் குடுத்துருவாங்க. நாலு தலமொறயா எங்ககிட்ட இருக்குது. நீ வாயத் தொறக்காத" என்றார்.

"விழுந்துட்டீங்கன்னா?"

"விழமாட்டன். நீ உள்ள இருந்தா போதும்."

விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சாமி குற்றம் என்று மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக யாருக்கும் தோன்றாது. மண்டை கல்லில் அடிபட்டிருந்தால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. நாத்தனார் ரேவதி பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போனதும், அவளுடைய துப்பட்டாவைத் தலையையும் வெறுங்கழுத்தையும் மறைத்துச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினேன்.

தெருமுனையில் பாலாஜியின் ஆட்டோ நின்றது. கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்குகிற மத்திகிரி ஆள். நேற்றே போன் பண்ணியிருந்தேன்.

"சந்தைப்பேட்டை ஓரமா நில்லுங்கண்ணே. நான் கூப்பிட்ட ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"

"இன்னும் யாருக்கும் இல்ல" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சந்தைப்பேட்டை பாளையக்காரர் காலத்து இடம். தரை முழுக்கக் கல் பாவியது. நான்கு மூலையிலும் கல்தூண்கள், அவற்றில் யாரும் படிக்காத கன்னட எழுத்து. கரகத்தன்றும் சந்தை நிற்பதில்லை. கொத்தமல்லிக் கட்டுகளையும் பீன்ஸ் மூட்டைகளையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் இடம் விட்டிருந்தார்கள். மூன்று பாஷையில் பேரம் நடந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததெல்லாம் தரையைத்தான். சாமி வருகிறதென்று கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம். அதில் ஒரு முட்டைக்கோஸ் இலை ஒட்டிக் கிடந்தது. ஓடிப்போய் அதை எடுத்துவிட வேண்டும் போலிருந்தது. எடுத்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

புதினா விற்கும் ஒரு அம்மாளுக்குப் பின்னால் தூணை ஒட்டி நின்றேன். பம்பைச் சத்தம் நெருங்கியது. கரகத்துக்குக் காவலாகக் கத்தி பிடித்தவர்கள் முன்னால் வந்தார்கள். அப்புறம் மஞ்சள் சேலையில், கண்ணில் மையோடு, கையில் என் வளையல்களோடு அவர். எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தார்.

முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் எதிர்த் தூணிடம் திரும்பியபோது அவர் கண் ஓரிடத்தில் நிற்காமல் நழுவியது. பிரஸ் ஷாப்பில் விழுவதற்கு முன்னாலும் அதே பார்வைதான். இடது கால் இழுத்தது. கரகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பேரம் பேசிய வாய்கள் எல்லாம் அடங்கின.

போன் என் கையில் இருந்தது. பாலாஜியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. என் புத்தியில் வந்தது ஒன்றுதான்: நான் பார்த்ததால்தான். கேலி பண்ணிச் சிரித்த அதே நான், சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, முகத்தைத் தூணில் புதைத்துக் கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன். "பாக்கல, நான் பாக்கல" என்று வாய் தானாகச் சொன்னது.

"என்னம்மா, சாமியப் பாக்காம தூணப் பாத்துட்டு நிக்கற?" என்றார் புதினாக்காரம்மா.

"தல சுத்துதுக்கா. சாமி எங்க நிக்குன்னு சொல்லுங்க."

"அங்கயேதான் நிக்குது. ஆடுது." புதினாக் கட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "ம். காலு எடுத்து வச்சிருச்சு. வருது."

"நேரா வருதா?"

"நேராத்தான் வருது. உனக்கென்ன அவ்ளோ பதட்டம்?"

பம்பை அடிக்கும் வரை அவர் நிற்கிறார் என்று அர்த்தம். ஒவ்வொரு அடியையும் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று பம்பை நின்றது.

"மூணு சுத்தும் முடிஞ்சிருச்சு. எறக்கிட்டாங்க, எதிர்க்க இருக்கற கோயில் படியில" என்றார் அந்த அம்மாள். "திரும்பிக் கும்பிட்டுக்க."

நான் திரும்பவில்லை. யாரும் வருவதற்குள் பின்னறைக்குத் திரும்ப அப்படியே ஆட்டோவுக்கு ஓடினேன்.

சாயங்காலம் அவர் வந்தார். குங்குமம் அப்பிய முகம், வீங்கிய கால்கள். மோர் கொடுத்தேன். வீட்டில் மற்றவர்கள் வாசலில் இருந்தார்கள்.

"ரெண்டாவது சுத்துல போயிட்டன்னுதான் நெனச்சன், பூங்கொடி" என்றார் மெதுவாக. "கண்ணக் கட்டிருச்சு. கரகம் சாயறது எனக்கே தெரியுது. அப்ப உன்ன நெனச்சன். எல்லாத்தயும் கிண்டல் பண்றவ எனக்காக ரூமுக்குள்ள உக்காந்திருக்கா, அவ பார்வ படல, எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சன். காலு நின்னுருச்சு." டம்ளரைக் கீழே வைத்தார். "நீ வெளிய வரலதான?"

"இல்ல" என்றேன்.

ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"நாளைக்கு ஒரு தடவ டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம்" என்றேன்.

"எதுக்கு? அவ்ளோ சுத்து சுத்தியும் விழல. சரியாப் போச்சு. அடுத்த வருசமும் நாந்தான்னு அப்பா சொல்லிட்டாரு. நீ உள்ள இருக்கற வரைக்கும் எனக்குப் பயமே இல்ல."

நான் பார்த்தேன், பார்த்தும் நீங்கள் விழவில்லை, அதில் ஒன்றுமில்லை, மாத்திரையைப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த வருஷம் கால் நழுவும்போது அவருக்குப் பிடித்து நிற்க எதுவும் இருக்காது. சொல்லாவிட்டால் அவர் டாக்டரிடம் வரப்போவதில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.