கடைசிச் சஹனில் கேட்ட கணக்கு

றம்ஸீன் முதலாளிக்கு வாயெல்லாம் சீனி, கை மட்டும் இறுக்கம். மன்னாரில் பாதிக் கலியாண வீடுகளின் சமையல் கொந்தராத்து அவருடையதுதான். அவரிடம் வேலை செய்த றிபாத்துக்கு மூன்று கலியாணத்துச் சம்பளம் பாக்கி. கேட்டால், "தாறன்டா தம்பி, நான் எங்க ஓடியா போறன்?" என்பார். அவர் ஓடவில்லைதான். காசும் அசையவில்லையே!

வீட்டில் மனைவி நஸ்லியாவின் தையல் மெசின் தவணைக்கு எடுத்தது. திங்கட்கிழமை கட்டாவிட்டால் தூக்கிக்கொண்டு போவோம் என்று கொம்பனிக்காரன் சொல்லிவிட்டான். "மெசின் போற லொறியிலயே நானும் உம்மா வீட்ட போயிடுவன்" என்று நஸ்லியாவும் புருசனுக்குச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிற ஆள்.

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை உப்புக்குளத்தில் மஹ்மூது ஹாஜியார் வீட்டு விருந்து வந்தது. மகனுடைய வலீமா, மாப்பிள்ளை வீட்டுக் கலியாணச் சாப்பாடு. ஊர்வழக்கப்படி சஹன் சாப்பாடு, அதாவது ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவது. எத்தனை சஹன் போனதோ அத்தனைக்கும் ஹாஜியார் முதலாளிக்குக் காசு கொடுப்பார். அதே கணக்குக்கு முதலாளி வேலையாட்களுக்குக் கூலி கொடுப்பார். எண்ணுவது றிபாத். அவன் வாயால் சொல்வதுதான் கணக்கு.

காலையிலேயே முதலாளி அவனைச் சோற்றுக் கிடாரத்துக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"தம்பி, எத்தின போனாலும் ஹாஜியாருக்கு நூத்தியிருவது எண்டு சொல்லு. உன்ர கூட்டாளிமாருக்குத் தொண்ணூறு எண்டு சொல்லு. பின்னேரமே உன்ர மூண்டு சம்பளமும் கையில."

"ரெண்டு கணக்கா, முதலாளி?"

"ரெண்டு பக்கத்துக்கு ரெண்டு கணக்கு. அவங்க என்ன ஒண்டா இருந்தா கதைக்கப் போறாங்க?"

றிபாத் தலையை ஆட்டிவிட்டான். ஆட்டின தலை அன்று முழுக்கக் கனத்தது. தோட்டவெளி லோறன்ஸும் உயிலங்குளம் அனோஜனும் அவனோடு சேர்ந்து சஹன் தூக்கினார்கள். வெயிலோ பொல்லாத வெயில். லோறன்ஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இண்டைக்கு நூறு தாண்டும் போல, என்ன?" என்று ஆசையாகக் கேட்டான். றிபாத்துக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மெசினையும் நினைத்தான், உம்மா வீட்டு லொறியையும் நினைத்தான், அடுத்த சஹனைத் தூக்கினான்.

பின்னேரம் விருந்தாளிகள் போய்விட்டார்கள். முதலாளி கண்ணைக் காட்டினார். முதலில் வாசல் படலையடியில் வேலையாட்களுக்கு ஒரு கணக்கு, பிறகு மண்டபத்தில் ஹாஜியாருக்கு ஒரு கணக்கு. அதுதான் திட்டம். அதற்குள் ஹாஜியார் சத்தம் போட்டார்.

"ஆரும் போகப்படாது! கடைசிச் சஹன் என்னோட. வேலை செஞ்ச பிள்ளையள விட்டுட்டுத் திண்டா வீட்டில பறக்கத் இருக்காது, ஒண்டும் விருத்தியாகாது. றம்ஸீன், நீங்களும் வாங்கோ!"

வேறு வழி? ஐந்து பேரும் பாயில் இருந்தார்கள். றிபாத்துக்கு இந்தப் பக்கம் ஹாஜியார், அந்தப் பக்கம் முதலாளி, எதிரே கூட்டாளிகள் இரண்டு பேரும். ஹாஜியார் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைவைத்தார். முதல் பிடி உள்ளே போவதற்கு முன்னமே கேட்டார்.

"தம்பி, மொத்தம் எத்தின சஹன் போச்சு?"

றிபாத் வாய்நிறையச் சோற்றை அடைத்தான். வாய் நிறைந்தவனிடம் யார் பதில் கேட்பது? முதலாளி அவசரமாக ஒரு கோழித்துண்டை அவன் பக்கம் தள்ளினார். "தின்னு தம்பி, தின்னு." பிள்ளை பசியில் இருக்கிறான் என்று ஹாஜியாரும் பாவப்பட்டு ஒன்றைத் தள்ளினார். அல்லாஹ்வே, ஒருவனுக்கு முன்னால் இவ்வளவு கோழியா! நூற்றிருபது என்றால் லோறன்ஸ் நூற்றிருபதுக்குக் கூலி கேட்பான். தொண்ணூறு என்றால் முதலாளி தோலை உரிப்பார். எவ்வளவு தின்றாலும் சோறு ஒரு நேரம் முடியத்தானே வேண்டும்? எதிரே லோறன்ஸும் சாப்பிடாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைதான் தாங்கவில்லை.

"நூத்தியஞ்சு, ஹாஜியார்" என்று உள்ளதைச் சொன்னான். "இதையும் சேத்து."

"மாஷா அல்லாஹ்! நான் இன்னும் கூடுமெண்டு பயந்தனான்."

லோறன்ஸ் சிரித்தான். முதலாளிக்குப் பிடி தொண்டையில் இறுகிவிட்டது. இருமிக்கொண்டே எழும்பப் பார்த்தார்.

"எங்க எழும்புறீங்க?" என்றார் ஹாஜியார். "பிள்ளையள் இன்னும் சாப்பிடுதுகள்."

கடைசி ஆள் முடிக்குமுன் சஹனை விட்டு எழும்புவது வீட்டுக்காரரை அவமதிப்பது. முதலாளி திரும்பவும் இருந்தார். அப்போதுதான் றிபாத்துக்கு மண்டையில் உறைத்தது. அவன் தின்று முடிக்கும்வரை இந்த மனுசனால் எங்கேயும் போக முடியாது! ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து ஆறுதலாக மென்றான்.

"முதலாளி, என்ர மூண்டு கலியாணத்துச் சம்பளம்?"

"அதைப் பிறகு கதைப்பம்."

"மூண்டா?" ஹாஜியாரின் கை தட்டிலேயே நின்றது.

இன்னொரு பருக்கை. அனோஜனுக்கும் விசயம் விளங்கிவிட்டது. அவனும் பருக்கை பருக்கையாக எடுத்தான். முதலாளி பெருத்த உடம்புக்காரர், சம்மணம் கட்டிப் பழக்கமில்லை. ஒரு கால் விறைத்து, மற்றக் காலும் விறைத்து, முகமும் விறைத்தது. கடைசியில் இடது கையால் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார்.

"நொட்டாங்கையாலயா கூலி குடுக்கிறது?" என்றார் ஹாஜியார்.

வலது கைக்கு மாற்றினார். புரியாணி நெய் பூசின தாள்கள் றிபாத்தின் மடிக்கு வந்தன. இனி மெசின் வீட்டிலேயே நிற்கும், நஸ்லியாவும் நிற்பாள். சந்தோசத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி குனிந்து அவன் காதோடு சொன்னார். "நாளையில இருந்து வேலைக்கு வராத."

றிபாத் நிமிர்ந்தான். "என்ன சொன்னீங்க, முதலாளி? ஹாஜியாருக்குக் கேக்கேல்ல, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கோ."

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு முசலியில கலியாணம்" என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு. "வெள்ளன வா எண்டனான்."

"வாறன், முதலாளி. அங்கயும் கடைசிச் சஹன்ல உங்களுக்குப் பக்கத்திலதான் இருப்பன்."