மாங்காய்க்குள் ஒரு சொல்

மதிவதனி கணினித் திரையில் அந்தப் பூவைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். எட்டு மடங்கானதும் கை அப்படியே நின்றுவிட்டது. பூவின் அடியில் காம்பு என்று அவள் நினைத்திருந்த கறுப்புப் புள்ளி, புள்ளியே இல்லை. எழுத்து. ‘மறைவு’ என்று இருந்தது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ராஜாங்கத்தின் கம்பெனியில், கோப்பைகளுக்குப் படம் போடுவது அவள் வேலை. திட்டக்குடியில் ஒரு கல்யாணம், தாம்பூலத்தோடு கொடுக்க இருநூறு கோப்பை. மாங்காய் வடிவத்தைத் தங்கக் கோட்டால் வரைந்து, உள்ளே மல்லிகை பேட்டர்னை நிரப்பியிருந்தாள். பூவைப் புதிதாக வரையச் சோம்பல். போன மாதம் யாரோ ஒருவரின் காரியத்துக்குச் செய்த நினைவுக் கோப்பையின் ஃபைலைத் திறந்து, ஒரு பூவைச் சுற்றிக் கட்டம் போட்டு வெட்டி, பேட்டர்ன் என்று சேமித்தாள். கட்டம் ஒரு நூல் கீழே இறங்கி, ‘தோற்றம், மறைவு’ வரியிலிருந்து ஒரு சொல்லையும் வாரிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு மாங்காய்க்குள் நாற்பது பூ. நாற்பதின் அடியிலும் அது. படத்தை அச்சடித்து இருநூறு கோப்பையிலும் ஒட்டியும் ஆகிவிட்டது; சூளையில் சுடவேண்டியதுதான் பாக்கி.

அவள் கல்யாணத்தன்று ஆரத்தித் தட்டு யார் கையிலிருந்தோ நழுவி விழுந்தது. பதினோரு வருஷமாயிற்று; வீட்டில் பால் திரிந்தால்கூட மாமியார் அந்தத் தட்டைத்தான் இழுப்பாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் அப்படியொரு பேச்சைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

சூளைக் கொட்டகைக்கு ஓடினாள். சூளையைப் பார்த்துக்கொள்ளும் கொளஞ்சிநாதன், கோப்பைகளை உள்ளே அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“சுவிச்சு போட்டுட்டீங்களாண்ணா?”

“கரண்டு எங்க இருக்குது, போடறதுக்கு? ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

சொன்னாள். அவர் ஒரு கோப்பையை எடுத்து வெயிலில் பிடித்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, சுட்டுவிட்டதுபோல் கீழே வைத்தார். சுடாதவரை ஒட்டின படம் தண்ணீரில் ஊறினால் வந்துவிடும், எல்லாவற்றையும் தொட்டியில் போட்டுத் தேய்த்துவிடலாம் என்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நேத்து சாம்பிளுக்கு ஒண்ணு சுட்டமே, மதி. மொதலாளி அத எடுத்துக்கிட்டுத்தான் காலையில பொண்ணு வூட்டுக்குப் போனாரு.”

சுட்டது சுட்டதுதான், சுரண்டினாலும் போகாது. பேசாமல் இருந்துவிடு, இத்தனூண்டு எழுத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்றார் அவர். ஆனால் செல்போனில் படம் பிடித்து, விரலால் விரித்துப் பார்க்காத கல்யாணப் பெண் இந்தக் காலத்தில் உண்டா?

போன் போட்டாள்; மூன்றாவது மணியில் முதலாளி எடுத்தார். பின்னால் பெண்களின் சிரிப்பு கேட்டது. தன் குரல் அங்கே யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டே சொல்லி முடித்தாள். யாரோ ஒரு அம்மாள், சர்க்கரை போதுமா என்று கேட்பது மட்டும் கேட்டது. “போதும்மா, போதும்” என்றார் ராஜாங்கம். போன் நின்றுவிட்டது.

அவள் மறுபடி கூப்பிடவில்லை. தொட்டியில் கையை விட்டு ஒவ்வொரு கோப்பையாகத் தேய்த்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கோப்பை வழுக்கியது.

பன்னிரண்டு மணிக்கு ராஜாங்கம் வந்தார். பேண்ட் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். அடியில் டீக் கறை.

“அந்தம்மா இதுலதான் டீ ஊத்தி எனக்கே குடுத்தாங்க. பொண்ணு போட்டோ எடுக்கணும்னு போனோட வந்து நின்னுது. சட்டுனு வாய வெச்சிட்டேன். எச்சி கப்பும்மா, இதப் போய் எடுப்பாங்களான்னேன்.”

கழுவித் தருகிறோம் என்று அவர்கள் கையை நீட்டினார்களாம். கலர் சரியில்லை, மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, மீதி டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு எழுந்தாராம். நாக்கு வெந்துபோயிருந்தது, அதனால் பேச்சு குழறியது. இல்லாவிட்டால் இன்னும் நிறையத் திட்டியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

வேலை இருக்கிறதா, இல்லையா என்று தெரியாமல் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் கோப்பையைக் கொளஞ்சிநாதனிடம் நீட்டி, பொடிப்பொடியாக உடைத்துவிடச் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார்.

“உக்காரு. பூவ நீயே வரை.”

உட்கார்ந்தாள். அவர் போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தார். முதல் இதழ் கோணலாக வந்தது; அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.